ஒற்றைத் தும்மல்

சர்க்கார் ரேஷனை எடுத்துவிட்ட வருஷம் அது. யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து ராயபுரத்து வியாபாரிகளுக்கு எதை வாங்குவது, எதை விற்பது, என்ன விலை சொல்வது என்கிற கவலையே இருந்ததில்லை. எல்லாவற்றையும் சர்க்கார் சொல்லும். இவர்கள் சர்க்காரைத் திட்டுவார்கள். பொழுது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாள் கண்ட்ரோலைத் தூக்கிவிட்டு, இனி உங்கள் பாடு என்று கையை உதறிவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? கல்லாவில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்துக் கொத்தவால்சாவடியில் இன்னொரு வியாபாரிகள் சங்கம் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு ஆரம்பித்தது. ராயபுரம் தென்பகுதி வர்த்தகர் சங்கத்தின் தலைவர் உச்சிமாகாளி அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மிளகாய் மண்டி வைத்து, முப்பது வருஷத்தில் மூன்று கிடங்கு கட்டிய மனிதர் அவர். "அவங்க கணக்கப்பிள்ளைய உண்டாக்குதாங்க. நாம மொதலாளிய உண்டாக்குவோம்" என்றார். அப்படித்தான் சங்கத்து மாடியில் 'வியாபார முடிவெடுக்கும் பயிற்சி வகுப்பு' என்று பலகை தொங்கியது. பலகைக்குக் கீழே பி.காம். எத்திராஜ் நின்றான்.

எத்திராஜ் காசிமேட்டுக் குப்பத்துப் பிள்ளை. அப்பா, சித்தப்பா, மாமன் என்று எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் ஒருவன்தான் கரையிலேயே நின்று படித்துப் பட்டம் வாங்கினான். ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தாவாகவும் இருந்தான். துரை ஊட்டிக்குப் போயிருந்த வாரம், ஒரு சர்க்கஸ் கம்பெனியின் ஒட்டகத்தை எந்தக் கப்பலில் ஏற்றுவது என்று யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்தான். ஒட்டகம் சௌக்கியமாக ரங்கூன் போய்ச் சேர்ந்தது. சர்க்கஸ் கொழும்பில் இருந்தது. துரை திரும்பி வந்த அன்றே எத்திராஜ் வீட்டுக்கு வந்துவிட்டான்.

முடிவெடுப்பது எப்படி என்று பழைய புத்தகக் கடையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கிப் படித்தது அதற்குப் பிறகுதான். இதை முன்பே செய்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அவன் பெண்டாட்டி நீலாவும் அதைத்தான் சொன்னாள்.

சங்கம் அவனை மூன்று மாதத்துக்கு வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. கார்த்திகையில் கமிட்டி கூடி, வகுப்பு தொடரலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும். தொடர்ந்தால் எத்திராஜ் வாத்தியார். தொடராவிட்டால் நெட்டுக்குப்பம். நெட்டுக்குப்பத்தில் அவன் மச்சினன் கருணாகரன் கருவாட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, "மாமு, எப்ப வர்றே? உனுக்கோசரம் நாற்காலி வாங்கி வெச்சிகீறேன். மீன் பக்கத்துல வாணாம், நீ காத்து வர்ற பக்கமா குந்திக்கினு மூட்டய எண்ணு, போதும்" என்பான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பாசத்தோடுதான் சொல்வான். அந்தப் பாசத்துக்குத்தான் எத்திராஜ் பயந்தான். பட்டம் வாங்கிய அன்று மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போன காசிமேட்டுக்காரர்கள் வந்துபோகிற இடத்தில், கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே அந்த நாற்காலியில் உட்காருவதைவிட அவன் கடலிலேயே இறங்கிவிடுவான்.

வகுப்பு நடந்த மாடி உச்சிமாகாளி அண்ணாச்சியின் மிளகாய்க் கிடங்குக்கு நேர் மேலே இருந்தது. தரை பலகை போட்டது; பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடைவெளி. கடைகளில் கூட்டம் இல்லாத மத்தியான வேளையில்தான் பிள்ளைகள் வருவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பாதித் தூக்கத்தில் வருவார்கள். கீழே ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டால் போதும், நெடி இடைவெளி வழியாகக் கிளம்பி மேலே வரும். தூங்குகிறவனும் எழுந்து உட்கார்ந்து தும்முவான். ஒரு வாத்தியாருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது என்றுதான் எத்திராஜ் முதலில் நினைத்தான்.

"கிடங்கில் தீப்பிடித்துவிட்டது. அப்பா ஊரில் இல்லை. நீ என்ன செய்வாய்?" இதுதான் அவன் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி.

அண்ணாச்சியின் மகன் ராசையா எழுந்து நின்றான். இருபத்திரண்டு வயது. தலையை இடது பக்கம் வாருவதா வலது பக்கம் வாருவதா என்பதைக்கூட அப்பாவிடம் கேட்டு வாரிய பிள்ளை. வெகுநேரம் யோசித்து, "ஊருக்குத் தந்தி அடிப்பேன், ஸார்" என்றான்.

"பதில் தந்தி வர்றதுக்குள்ள கிடங்கு சாம்பலாயிடுமே?"

"அது அப்பாவுக்குத் தெரிஞ்ச பொறவு எரிஞ்சா பரவால்ல, ஸார்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எத்திராஜ் கரும்பலகையில் நட்டநடுவே ஒரு கோடு போட்டான். இடது பக்கம் சாதகம், வலது பக்கம் பாதகம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க்கு. எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் முடிவு. மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, பத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. யாரையும் கேட்கக் கூடாது.

முறை நல்ல முறைதான். ஆனால் ஒருவன் எழுந்து பத்து எண்ணி வாயைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இன்னொருவன் தும்முவான். உடனே எழுந்தவன் உட்கார்ந்துவிடுவான். ஏனென்று கேட்டபோது, கருப்பட்டி மண்டி ஆறுமுகநயினாரின் மகன் பலவேசம் வாத்தியாரையே பரிதாபமாகப் பார்த்தான். "ஒத்தத் தும்மல்லா, ஸார்! ஒத்தத் தும்மல் விழுந்தா எடுத்த காரியத்த அன்னைக்குத் தொடக் கூடாது. அடுத்து ஒரு தும்மல் சேந்து ரெட்டையா விழுந்தா நல்லது, நடத்தலாம்."

"கீழே மிளகாய் இருக்குது. அதான் தும்மறீங்க. இதில் சகுனம் எங்கே வந்தது?"

"மொளகா தும்ம வச்சா என்ன, மூக்குப்பொடி தும்ம வச்சா என்ன? தும்மல் தும்மல்தான ஸார். மேல உள்ளவங்க எதக் கொண்டு சொல்லுவாங்கன்னு நமக்குத் தெரியுமா?"

எத்திராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் கல்லூரித் தமிழ் அவனை விட்டுப் போய்விடும். "டேய், மூக்குல நெடி ஏறினா தும்மறதுதான்டா! இத்த போய் சாமி சொல்லிச்சுன்னுகினு..." என்றவன், கரும்பலகையில் பாதகம் பக்கத்தில் 'தும்மல்' என்று எழுதி, எதிரே பெரிதாக ஒரு முட்டை போட்டான். "தும்மலுக்கு மார்க்கு சைபர். இதை யாரும் அழிக்கக் கூடாது." மூன்று மாதமும் அந்த முட்டை அப்படியே இருந்தது. பிள்ளைகளும் தும்மல் விழுந்தால் உட்கார்ந்துகொண்டேதான் இருந்தார்கள்.

சங்கத்தின் பெரியவர்களுக்கும் இதே வழக்கம்தான் என்று அப்புறம் தெரிந்துகொண்டான். கமிட்டியும் இதே மாடியில்தான் கூடும். தெருவிளக்கு கேட்டு மனுப் போடுவது, சங்கத்துக்கு இரும்புப் பெட்டி வாங்குவது என்று ஏழெட்டு விஷயங்கள் வருஷக்கணக்காகத் தீர்மானம் ஆகாமல் நின்றன. வகுப்பு ஆரம்பிக்க மட்டும் எப்படித் தீர்மானம் ஆயிற்று என்று கேட்டதற்குப் பலவேசம் சொன்னான்: "அந்த வாரம் கிடங்கக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்க, ஸார்."

ஐப்பசி பிறந்தது. பிள்ளைகள் பலகையில் கோடு போடப் பழகிவிட்டார்கள். ஆனால் ஒருவனும் ஒரு முடிவும் எடுத்தபாடில்லை. எத்திராஜ் பொறுமை இழந்தான். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தான். "அடுத்த வகுப்புக்குள் ஆளுக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டு வர வேண்டும். வீட்டில் யாரையும் கேட்கக் கூடாது. எடுத்த முடிவைச் செய்தும் காட்டியிருக்க வேண்டும்." ஒட்டகத்தின் ஞாபகம் அவனுக்கு ஒரு கணம் வந்தது. வந்ததை அவன் மதிக்கவில்லை.

முதலில் வினை வந்தது அரிசி மண்டி தாவீதின் மகன் வால்டரால். வண்ணாரப்பேட்டையில் அவனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். இந்த மாதிரி இடத்தில் மாப்பிள்ளை வாயே திறக்கக் கூடாது. பெண்ணைப் பார்த்து, பலகாரம் தின்று, "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புதோம்" என்று இழுத்தடித்து, அதற்குள் பெண் வீட்டாரிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடிப்பது தாவீதின் திட்டம். போய் உட்கார்ந்த உடனே பெண்ணின் அப்பா உபசாரமாக, "தம்பி, காத்தாடி போடட்டுமா?" என்று கேட்டார். வால்டர் எழுந்து நின்றான். உதடு அசையப் பத்து எண்ணினான். "எனக்குச் சம்மதம்" என்றான். பெண் இன்னும் அடுப்படியை விட்டு வரவில்லை. பெண்ணின் அப்பா அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தாவீது அன்று பலகாரம் தொடவில்லை.

பலவேசம் செய்தது அதைவிடப் பெரிது. அவன் அப்பா கடையில் மூட்டை இறக்க வரும் சுமைகூலிக்காரர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுப்பது வழக்கம். அப்புறம்தான் மூட்டையில் கை வைப்பார்கள். பலவேசம் கோடு போட்டுப் பார்த்தான். நேரம் விரயம், சரக்கு விரயம். சாதகம் ஒன்றுமே தெரியவில்லை. கருப்பட்டித் துண்டை நிறுத்தினான். அவர்கள் சண்டை போடவில்லை. வண்டிக்காரன் இறக்கி வைத்த கருப்பட்டிச் சிப்பங்களை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டு எதிர்த்த கடை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஐப்பசி மாதம்; கடல் பக்கம் கறுத்தது; ஊற்றியது. அரை மணி நேரத்தில் அந்தத் தெருவே பானகமாக ஓடியது. மாடுகள் வந்தன. எறும்பு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போகவே இல்லை.

ராசையா மட்டும் வெறுங்கையோடு வந்து மாடிப்படியில் நின்றான். கண் கலங்கியிருந்தது. "எந்த முடிவ எடுக்கணும்னு முடிவு பண்ண முடியல, ஸார்."

"நீயாவது ஒழுங்கா இருந்தியே, ராசா" என்று எத்திராஜ் அவன் தோளைத் தட்டினான்.

கமிட்டிக்கு மாதம் முடியும்வரை பொறுமை இல்லை. வியாழக்கிழமை மத்தியானமே அவசரக் கூட்டம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அன்று காலை எத்திராஜ் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நீலா கைப்பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னாயா, மூஞ்சி இப்டி தொங்கிகினு கீது?"

"இன்னிக்கு கமிட்டி. கெளாஸ மூடிடுவாங்க."

"மூடுவாங்களா? நீ பேசு. அம்மாம் படிச்சிகீறே, பேசி ஜெயி."

"அவுங்க கேக்க மாட்டாங்க, நீலா."

அவள் தூளியை நிறுத்தினாள். "இதப் பாரு. நான் இந்தத் தெரு பூரா வாத்தியார் பொண்டாட்டின்னு சொல்லி வெச்சிகீறேன். எந்தம்பி நல்லவந்தான். ஆனா நீ அங்க போயி அந்த நாற்காலில குந்தறத என் கண்ணால பாக்க முடியாது. அதுக்கு ஒரு காலு வேற ஆடுது."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். சட்டையில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூள் மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. தூளியில் பிள்ளை வீறிட்டது. எத்திராஜின் தும்மல் அந்தக் குப்பத்தில் பிரசித்தம். "ஐய, ஹார்பர்ல ஸ்டீமர் ஊதற மாரி! கொழந்தய எய்ப்பிட்டியேயா" என்று நீலா அதட்டினாள். அதட்டிவிட்டு, போகும்போது அவன் சட்டைக் காலரைச் சரி செய்தும் விட்டாள்.

கமிட்டியில் ஐந்து பேர். நடுவில் உச்சிமாகாளி அண்ணாச்சி. முப்பது வருஷம் மிளகாய்க்குள்ளேயே வாழ்ந்து அவருக்கு மூக்கு மரத்துப் போயிருந்தது; அவர் தும்மி யாரும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் ஆறுமுகநயினார், மறு பக்கம் தாவீது. ஓரத்தில் இன்னும் இரண்டு பேர், யார் என்ன சொன்னாலும் ஆமாம் சொல்வதற்கு. எத்திராஜை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கரும்பலகைப் பக்கத்தில் நின்றான்.

"தெருவே பானகமா ஓடிச்சு வே!" என்று ஆறுமுகநயினார் ஆரம்பித்தார். "எங்க அப்பா காலத்துலேந்து கொடுத்துட்டு வந்த கருப்பட்டித் துண்டு. இவம் பாட்டுக்குக் கோடு போட்டு நிறுத்திப்புட்டான். கேட்டா, மார்க்கு வரலங்கான்!"

"ஒமக்குக் கருப்பட்டி போச்சு. எனக்கு மானம் போச்சு" என்றார் தாவீது. "காத்தாடி போடட்டுமான்னு கேட்டா, கட்டிக்கிடுதேன்னு சொல்லுதான் எம் மவன். இதுக்கு ஒரு வாத்தியார்!"

எத்திராஜ் இரண்டு நாளாகத் தயார் செய்த பேச்சைத் தொடங்கினான். "பெரியவங்க மன்னிக்கணும். இந்த விஷயத்திலேயும் சாதகம், பாதகம் இரண்டும் இருக்கு..." என்று சாக்பீஸை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பினான்.

"கோடு போடாதேயும்!" என்று மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன. சாக்பீஸ் கையிலேயே நின்றது.

அண்ணாச்சி எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். "அப்ப எல்லாருக்கும் ஒரே எண்ணந்தான். சரி, வகுப்ப மூடிரு..."

தாவீது தும்மினார்.

பேச்சு நின்றது. எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தான். ஒற்றை! தாவீது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். மற்ற ஆறு நாளும் தும்மலையும் நம்புகிறவர். அவர் முகம் கோணியது. எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் இன்னொரு தரம் தும்மினார்.

"ரெட்டை!" என்று ஆறுமுகநயினார் கையைத் தட்டினார். "உத்தரவு கெடச்சாச்சு. நடத்தும்."

அந்த நேரத்தில் கீழே என்னவோ தடதடவென்று சரிந்தது. எத்திராஜ் பலகை இடைவெளி வழியாகக் கண்ணைச் சாய்த்துப் பார்த்தான். கிடங்கில் மூன்று பேர். முகத்தில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வால்டரும் பலவேசமும் ஒரு சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். குவிந்து கிடந்த மிளகாயை முறத்தால் மேல்பக்கமாக விசிறிக்கொண்டிருந்தவன் ராசையா. யாரும் அவனுக்குச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை; அவன்தான் மற்ற இருவரையும் கையைக் காட்டி ஏவிக்கொண்டிருந்தான்.

எத்திராஜ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். வந்த கண்ணீரில் பாதிதான் மிளகாய்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! ஆறுமுகநயினார் தும்மினார். அவர் முடிப்பதற்குள் ஓரத்து ஆட்கள் இருவரும் தும்மினார்கள். தாவீது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மேல்துண்டுகள் மூக்குக்குப் போயின, கண்ணீர் ஓடியது, ஒருவர் தும்மலில் இன்னொருவர் தும்மல் இடித்துக்கொண்டது. அண்ணாச்சி ஒருவர்தான் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை ஆச்சு?" என்று கேட்டார்.

"எனக்கு நாலு. நல்ல சகுனம்" என்றார் ஆறுமுகநயினார்.

"ஆளுக்கு ஆள் எண்ணக் கூடாது வே. கூட்டத்துக்கு மொத்தமா எண்ணணும்" என்றார் தாவீது.

"மொத்தம்னா யாரு எண்ணினா? நீரு தும்முனதே ஆறா ஏழான்னு ஒமக்குத் தெரியுமா?"

"ஏழு. இல்ல, அந்தக் கடசி, அது இருமல்."

கால் மணி நேரம் இந்த வழக்கு நடந்தது. கடைசியில், விழுந்த தும்மல் எதுவும் கணக்கில் இல்லை, முதலிலிருந்து ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். கடல்காற்று அடித்து நெடியெல்லாம் தெருப் பக்கம் போனது. கீழேயும் சத்தம் இல்லை. எத்திராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பிள்ளைகள் மூவரும் தெருக்குழாயடியில் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களே தும்மித் தும்மி ஓய்ந்துபோயிருந்தார்கள். இனி அங்கிருந்து உதவி வராது.

மாடியில் எல்லாரும் தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, ஒழுங்காக உட்கார்ந்தார்கள். காற்று சுத்தமாக இருந்தது. யார் மூக்கிலும் ஒரு சலனமும் இல்லை. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

எத்திராஜ் பலகையைப் பார்த்தான். 'தும்மல்' என்றும், எதிரே அந்தப் பெரிய முட்டையும் அவனைப் பார்த்தன. மூன்று மாதம் இந்த இடத்தில் நின்று என்னவெல்லாம் பேசியிருக்கிறான்! வெட்கமாகத்தான் இருந்தது. அந்த ஆடுகிற நாற்காலியும் ஞாபகம் வந்தது. அவன் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தான். பத்து வரை போகவில்லை. மூன்றிலேயே முடிவு செய்துவிட்டான்.

கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. விழவில்லை, போட்டான். அதை எடுக்கக் குனிந்தவன், பலகை இடைவெளியில் செக்கச் செவேலென்று படிந்திருந்த தூளுக்கு நேரே மூக்கை வைத்து, நுரையீரல் நிறைய ஒரு மூச்சு இழுத்தான்.

"அப்பொ, வகுப்ப மூடிருவோ..."

ஸ்டீமர் ஊதியது. ஜன்னல் கதவு அதிர்ந்தது. ஓரத்தில் இருந்த ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார்.

ஒன்று.

ஐந்து தலைகளும் அவன் பக்கம் திரும்பின. இரண்டாவதற்காகக் காத்திருந்தார்கள். இரண்டாவது இல்லாமலா? மூக்கின் நுனிவரை வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. எத்திராஜ் பல்லைக் கடித்தான். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினான். கால் கட்டைவிரலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது.

"வாத்தியாரே," என்றார் ஆறுமுகநயினார் ஆசையோடு, "இன்னொண்ணு வருதா?"

எத்திராஜ் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்தால் தீர்ந்தது.

"வரும், வரும். மொகத்தப் பாத்தா வாற மாதிரிதான் தெரியுது" என்று தாவீது முன்னால் சாய்ந்தார்.

"வரலன்னு அவரே சொல்லுதாருல்லா?" என்று அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒத்தத் தும்மல். இன்னைக்கு இதத் தொட வேண்டாம். அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடுவோம்."

அடுத்த கூட்டம் என்றால் தெருவிளக்கும் இரும்புப் பெட்டியும் கிடக்கிற வரிசையில் வகுப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விழுந்த தும்மலை யார் மறுப்பது? ஆறுமுகநயினார் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். ஒவ்வொருவராகப் படி இறங்கினார்கள். ஐந்தாவது ஆளின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அண்ணாச்சி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"எங் கிடங்குல குண்டூர் மொளகா ஒரு மூட்ட பிரிஞ்சு கெடக்கு" என்றார் மெதுவாக. "ஜன்னலத் தொறக்கும்போது குழாயடிய நானுந்தான் பாத்தேன். இருவத்திரெண்டு வருசத்துல எம் மவன் என்னையக் கேக்காம செஞ்ச மொதக் காரியம்." அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று எத்திராஜ் கண்ணீருக்கு நடுவே தேடிப் பார்த்தான். அகப்படவில்லை. அண்ணாச்சியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அந்த மரத்துப்போன மூக்கை மிளகாய் ஒன்றும் செய்யாது என்பது ஊருக்கே தெரியும்.

"தும்மல அடக்குதது ஒடம்புக்கு ஆகாது, வாத்தியாரே. நாங்க தெரு முக்குத் திரும்புத வரைக்கும் மட்டும் பொறுத்துக்கிடும்."

அவர் இறங்கிப் போனார். எத்திராஜ் இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். கீழே ஐந்து பேரும் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் நடக்கக் கூடாதா? ஆறுமுகநயினார் நின்று, குழாயடியில் உட்கார்ந்திருந்த பலவேசத்தைப் பார்த்து ஏதோ திட்டினார். மறுபடி நடந்தார். செருப்பில் கல் ஏறிவிட்டதென்று தாவீது நின்றார். தெரு முக்குக்கு இன்னும் இரண்டு கடை தூரம். ஒரு கடை தூரம். எத்திராஜின் முகம் கீழே கொட்டிக் கிடந்த மிளகாயின் நிறத்துக்கு வந்திருந்தது.

முடியவில்லை. வந்துவிட்டது.

தெருவே கேட்டது. கூரையில் இருந்த காக்கைகள் கிளம்பின. குழாயடியில் ராசையா துள்ளி எழுந்தான். முக்கில் ஆறுமுகநயினார் சடக்கென்று நின்று, திரும்பி, காதுக்குக் கையை வைத்துக்கொண்டு கேட்டது ஜன்னல்வரை நன்றாகவே கேட்டது.

"அது என்ன வே சத்தம்? ரெண்டாவது விழுந்துட்டா?"

உச்சிமாகாளி அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆறுமுகநயினாரின் முழங்கையைப் பிடித்து முக்குக்கு அந்தப் பக்கம் இழுத்தார்.

"ஹார்பர்ல கப்பல் ஊதுது. நடயும் வே."